அமெரிக்க மலையூரில் ரயில் வேலை: குடிபெயருமுன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் சரக்கு ரயில் நிறுவனம் ஒன்றில் கண்டக்டராகவோ (எஞ்சின் ஓட்டுநருடன் சென்று ரயிலைக் கவனிப்பவர்), சிக்னல் பிரிவிலோ, தண்டவாளப் பராமரிப்பிலோ வேலை கிடைத்து, ராக்கி, காஸ்கேட், சியரா நெவாடா போன்ற மலைத்தொடர்களில் உள்ள ஒரு சிற்றூருக்குக் குடிபெயரப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. மொண்டானாவின் வைட்ஃபிஷ், கலிஃபோர்னியாவின் டன்ஸ்மியூர், ட்ரக்கி ஆகிய ஊர்களெல்லாம் ரயிலால் வளர்ந்தவை. மலையேறுமுன் எஞ்சினைக் கூட்டுவதற்கும், ஓட்டும் குழு மாறுவதற்கும், பனியை அகற்றும் ஆட்கள் தங்குவதற்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. அதைச் சுற்றி ஊர் எழுந்தது.

வேலை உறுதியானதும் பெரும்பாலோர் முதலில் வீடு தேடுகிறார்கள். வீடு இரண்டாவதாக வரட்டும் என்பதே என் கருத்து. நிறுவனம் உங்களை எப்போது, எவ்வளவு அவகாசம் தந்து வேலைக்கு அழைக்கும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, எந்த வண்டி வாங்குவது, குடும்பத்தை எப்போது அழைத்து வருவது ஆகிய கேள்விகளுக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதல் படி: அழைப்பின் விதிகளைக் கேட்டறியுங்கள்

சரக்கு ரயில்களில் பலவற்றுக்கு நம்பத்தகுந்த கால அட்டவணை கிடையாது. ரயில் தயாராகும் நேரத்தைப் பொறுத்து, வரிசையில் முன்னால் நிற்கும் குழுவைத் தொலைபேசியில் அழைப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பணிமூப்பு இல்லாததால், விடுப்பில் இருப்பவர்களின் இடத்தை நிரப்புகிற ‘எக்ஸ்ட்ரா போர்டு’ பட்டியலில்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அழைப்பு வந்ததிலிருந்து பணியிடத்தில் ஆஜராக ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தருவது பரவலான வழக்கம். ஆனால் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மட்டுமன்றி, ஒரே நிறுவனத்தில் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தமும் வேறுபடும் என்பதால், நீங்கள் போகும் முனையத்துக்கு (ரயில் குழுக்கள் பணியைத் தொடங்கி முடிக்கும் இடம்) உரிய விதியை அங்குள்ள சங்கத்தின் உள்ளூர்த் தலைவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பணியமர்த்தும் அதிகாரி சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் சிறிது இடைவெளி இருந்தால், அவர் சொல்வதை நம்புங்கள்.

ரயில் ஓட்டும் குழுவினரின் வேலை நேரத்தைக் கூட்டாட்சிச் சட்டம் வரையறுக்கிறது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் வைத்திருக்கக் கூடாது. பணி முடிந்தபின் 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 2008 ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்த நேரத்தில் நிறுவனம் உங்களைத் தொலைபேசியில்கூடத் தொந்தரவு செய்யக் கூடாது. தொடர்ந்து 6 நாட்கள் பணி தொடங்கியிருந்தால், சொந்த முனையத்தில் 48 மணி நேர ஓய்வு உண்டு. ஒரு மாதத்தின் மொத்தப் பணிநேரம் 276 மணிக்குள் அடங்க வேண்டும். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து மணி நேரம் முடிந்த மறுநிமிடமே அடுத்த அழைப்பு வரலாம் என்பதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு, ஓர் அலுவலகம் சென்று வந்து, பிறகு தூங்கலாம் என்று தள்ளிப்போட்டால், தூக்கமில்லாமல் அடுத்த 12 மணி நேரத்தைத் தொடங்க வேண்டியதாகிவிடும்.

தண்டவாளப் பராமரிப்பாளர்களுக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பகல் வேலையே வழக்கம். பனிச்சரிவோ பாறைச்சரிவோ நேர்ந்தால் இரவிலும் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் வீட்டார் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் அறையில் சொந்தக் கைபேசி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 2008 இல் 25 பேர் உயிரிழந்த மோதலுக்குப் பிறகு இது கூட்டாட்சி விதியாகவே ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் ரயிலில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் உங்கள் மனைவியோ கணவரோ உங்களை நேரடியாக அழைக்க முடியாது. அவசரச் செய்தியை எந்த எண்ணுக்குச் சொன்னால் ரேடியோ வழியாக உங்களை வந்தடையும் என்பதைக் கேட்டு, குளிர்பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இரண்டாம் படி: வேலை கையில் நிற்கும் என்பதை உறுதிசெய்யுங்கள்

பழைய வீட்டைக் காலி செய்யுமுன் மருத்துவப் பரிசோதனையும் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். கண்டக்டருக்கும் எஞ்சின் ஓட்டுநருக்கும் கூட்டாட்சி விதிகளின்படி சான்றிதழ் வேண்டும். கண்ணாடி அணிந்தோ அணியாமலோ 20/40 பார்வையும், சிக்னல் நிறங்களைப் பிரித்தறியும் திறனும், வரையறுக்கப்பட்ட அளவுக்குக் கேட்கும் திறனும் தேவை. நிறக்குருடு லேசாக இருந்து இதுவரை தெரியாமலே இருந்தவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதை அறிகிறார்கள். முன்கூட்டியே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

சொந்தக் காரை ஓட்டியபோது குடிபோதையில் பிடிபட்டிருந்தால், அதுவும் ரயில் சான்றிதழைப் பாதிக்கும். சான்றிதழ் தருமுன் உங்கள் வாகன ஓட்டுநர் பதிவை நிறுவனம் பார்த்தாக வேண்டும் என்பது விதி. கஞ்சா விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கொலராடோ, மொண்டானா, வாஷிங்டன், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் வயதுவந்தோர் அதைப் பயன்படுத்துவது மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்றாலும், ரயில்வே பரிசோதனைகள் கூட்டாட்சி விதிகளின்கீழ் வருவதால் அந்த அனுமதி உங்களுக்குப் பயன்படாது.

பணிச்சேர்ப்பு ஊக்கத்தொகையோ இடமாற்றுத் தொகையோ தருவதாகச் சொன்னால், எத்தனை காலம் வேலையில் நீடிக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2018 முதல், வேலைக்காக வீடு மாற்றும் செலவை நிறுவனம் கொடுத்தாலும் அது பெரும்பாலானோருக்குக் கூட்டாட்சி வரிக்கு உட்பட்ட வருமானமே. கைக்கு வரும் தொகை சொன்ன தொகையைவிடக் குறைவாக இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முதல் குளிர்காலம் முடியும்வரை வாடகை வீடு

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கையில் முன்பணம் இருந்தாலும் முதல் ஆண்டில் வீடு வாங்க வேண்டாம். ரயில் வேலையில் யாருக்கு எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பது பணிமூப்பு ஒன்றே. சரக்கு குறைந்தால், கடைசியாகச் சேர்ந்தவரைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். அதை ‘ஃபர்லோ’ என்கிறார்கள். உங்களைவிட மூத்தவர் ஒருவர் தம் இடத்தை இழந்தால், உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. நீங்கள் நூறு மைல் தள்ளியுள்ள வேறு முனையத்துக்குப் போக வேண்டிவரலாம். அப்போது தோளில் வீட்டுக்கடன் இருந்தால் முடிவெடுக்கும் சுதந்திரம் போய்விடும்.

வாடகை வீடும் எளிதில் கிடைத்துவிடாது. வைட்ஃபிஷ், ட்ரக்கி போன்றவை இன்று பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். வீட்டு உரிமையாளர்களில் பலர் ஆண்டு முழுவதும் ஒருவருக்கே விடுவதைவிட, பருவ காலத்தில் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடுவதையே விரும்புகிறார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதைக் கூர்ந்து பாருங்கள். செப்டம்பரில் சிரித்த முகத்தோடு தரும் வீட்டை ஜூனில் காலி செய்யச் சொல்வார்கள். அருகிலுள்ள பெரிய ஊரில் வாடகை குறைவாக இருக்கலாம். வைட்ஃபிஷிலிருந்து சுமார் 15 மைல் தெற்கே உள்ள கலிஸ்பெல் அப்படிப்பட்டது. தூரத்தைக் கோடைக்காலச் சாலையை வைத்து அளக்காதீர்கள். அழைப்பு அவகாசம் தொண்ணூறு நிமிடம் என்றால், பனிக்காலத்தில் ஓட்டுவதற்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏன் என்பதை ஜனவரி மாதத்து இரவு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அதிகாலை இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. மூன்றரைக்கு ஆஜராக வேண்டும். வெளியே மைனஸ் இருபது டிகிரி செல்சியஸ். இரவு முழுவதும் பனி பெய்திருக்கிறது. நல்லவேளையாக ஊராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி உங்கள் தெருவுக்கு வந்து போயிருக்கிறது; ஆனால் சாலையிலிருந்து ஒதுக்கிய பனியை எல்லாம் உங்கள் வீட்டு வாசல்பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கரையாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. அது புதுப்பனியைப் போல மென்மையாக இராது. சாலை உப்பும் மணலும் கலந்து, இறுகி, மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும். அதை வெட்டி ஒதுக்க இருபது நிமிடம், காரின் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டப் பத்து நிமிடம், உடையை அடுக்கடுக்காக அணியப் பத்து நிமிடம். எஞ்சியிருப்பது ஐம்பது நிமிடமே. அழைப்புக்கு நீங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், அது உங்கள் வருகைப் பதிவில் ஏறும். புதியவர்களுக்கு அந்தப் பதிவுதான் முதல் ஆண்டில் எல்லாமும்.

நான்காம் படி: வீட்டைப் பார்க்கப் போகும்போது

கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, படுக்கையறையில் நின்று ஒருவரை அழைத்துப் பாருங்கள். மலை இடுக்குகளில் அலைவரிசை கிடைக்காத வீடுகள் ஏராளம். வைஃபை வழியாகப் பேசலாம் என்றால், மின்சாரம் போனால் அதுவும் போகும். ரௌட்டருக்கு பேட்டரி இணைப்பு வேண்டும், அல்லது பழைய கம்பித் தொலைபேசி கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அழைப்பு வந்ததே தெரியவில்லை என்ற விளக்கத்தைப் பணியாளர் அழைப்பு மையம் பொதுவாக ஏற்பதில்லை.

அந்தச் சாலையில் பனியை யார் அகற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஊராட்சிச் சாலையா, தனியார் சாலையா? தனியார் என்றால் செலவு யாருடையது, எத்தனை மணிக்கு வருவார்கள்? வடக்குப் பார்த்த சரிவான வாசல்பாதை மார்ச் வரை உருகாது. ஒரே வாடகையில் இரண்டு வீடு இருந்தால், தெற்குப் பார்த்ததைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டைச் சூடாக்குவது எது என்பது அடுத்த கேள்வி. புரொப்பேன் தொட்டி என்றால் அது சொந்தமா, நிறுவனத்திடமிருந்து வாடகைக்கா என்று பார்க்க வேண்டும். வாடகைத் தொட்டியை அந்த நிறுவனமே நிரப்பும் என்பதால் விலையை ஒப்பிட வழியிருக்காது. கோடையிலேயே நிரப்பிவிடுவது வழக்கமான சிக்கனம். விறகடுப்பு என்றால் புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். உள்ளே படியும் தார்ப்பசை தீப்பற்றக்கூடியது. எந்த அடுப்பாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைக்கு அருகில் மாட்டுங்கள். ஊருக்கு வெளியே கிணற்றுநீர் என்றால், மின்சாரம் நின்றதும் தண்ணீரும் நிற்கும். சில நாட்களுக்கான குடிநீரைச் சேமித்து வையுங்கள். நீங்கள் இரண்டு நாள் வெளியே இருக்கும்போது வீட்டில் வேறு யாரும் இல்லை என்றால், குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க வெப்பத்தை முற்றிலும் அணைக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவிட்டுச் செல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: வண்டி

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி நல்லதுதான். அதைவிட முக்கியமானது டயர். பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் கொண்ட குறி பொறித்த குளிர்கால டயர்களே வேண்டும்; அந்தக் குறி இல்லாத பொது டயர்கள் கடுங்குளிரில் இறுகிப் பிடிமானத்தை இழக்கும். மொண்டானாவில் ஆணி பதித்த டயர்களை அக்டோபர் 1 முதல் மே 31 வரை பயன்படுத்தலாம். கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை உரிய டயரோ சங்கிலியோ வண்டியில் இருந்தாக வேண்டும்.

கார் எஞ்சினை மின்சாரத்தால் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு படி மேலே, முனையத்தின் வாகன நிறுத்தத்தில் அதைச் செருக மின்வசதி உண்டா என்று கேளுங்கள். வீட்டில் இரவு முழுவதும் சூடாக இருந்த கார், நீங்கள் வெளி முனையத்துக்குப் போய்த் திரும்பும்வரை இரண்டு நாள் திறந்தவெளியில் உறைந்து கிடக்கும். பழைய பேட்டரி கைவிடுவது அங்கேதான். மண்வெட்டி, சங்கிலி, போர்வை, பேட்டரியைத் தூண்டும் கருவி ஆகியவை குளிர்காலம் முழுவதும் பின்பெட்டியில் கிடக்கட்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே போக வேண்டாம். வேலைக்குப் போகும் நேரங்களிலேயே மான்களும் எல்க்குகளும் சாலையைக் கடக்கும் என்பதால் வேகத்தில் நிதானம் தேவை.

ஆறாம் படி: உயரம்

வைட்ஃபிஷ் சுமார் 3,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. உடலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கொலராடோவின் சில்வர்டன் 9,300 அடிக்கு மேல். ஏறத்தாழ 8,000 அடியைத் தாண்டினால் தலைவலி, தூக்கமின்மை, மூச்சுத்திணறல் போன்றவை புதியவர்களுக்கு வரக்கூடும். வேலையில் சேரும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே போய்ச் சேருங்கள். தண்ணீர் அதிகம் குடியுங்கள். முதல் நாட்களில் மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்த்துவிடுங்கள். இதயநோய், இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குக் குடிபெயரக் கூடாது. பத்தாயிரம் அடியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமையலில் அந்த வேறுபாடு முதல் நாளே தெரியும்.

ஏழாம் படி: காகிதங்கள்

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களில் பெரும்பாலோர், பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் உட்பட, வீடு மாறிய 10 நாட்களுக்குள் புதிய முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஏ.ஆர்.-11 என்ற படிவம் இணையத்திலேயே உண்டு. மலையூர்கள் பலவற்றில் தபால் வீட்டுக்கு வராது. தபால் பெட்டி எடுத்த பிறகே மற்ற இடங்களில் முகவரியை மாற்றுங்கள். இல்லையேல் மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கோ போய்ச் சேரும்.

ரயில் ஊழியர்கள் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின்கீழ் வரமாட்டார்கள். சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரயில் ஓய்வூதிய வாரியம் தனியாக இயங்குகிறது. முதல் அடுக்கு, சமூகப் பாதுகாப்புக்கு இணையானது. இரண்டாம் அடுக்குக்காகச் சம்பளத்தில் கூடுதலாக 4.9 விழுக்காடு பிடிப்பார்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். ஐந்தாண்டுகள் பணி முடித்தால் இந்த ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. 30 ஆண்டுகள் முடித்தவர் 60 வயதில் முழுத் தொகையுடன் ஓய்வுபெறலாம். ஃபர்லோவில் அனுப்பப்பட்டால், வேலையிழப்பு உதவியை மாநில அரசிடம் கேட்காமல் இதே வாரியத்திடம் கேட்க வேண்டும்.

பணியில் காயம் ஏற்பட்டாலும் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டம் பொருந்தாது. 1908 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் கவனக்குறைவை நிறுவினால்தான் இழப்பீடு. எனவே சிறு காயமாயினும் அன்றே எழுத்தில் பதிவுசெய்யுங்கள். வரியில் ஒரு நல்ல செய்தி: பல மாநிலங்களில் ஓடும் வழக்கமான பணியில் இருப்பவரின் சம்பளத்துக்கு, அவர் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி விதிக்க முடியும்.

எட்டாம் படி: வேலைக்கான பை

நிறுவனம் கேட்கும் கணுக்கால் உயரக் கயிற்றுக் காலணியைக் குளிர்காலத்துக்கு ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறை இரண்டு போட இடம் வேண்டும். அடியில் மாட்டும் பனி முள்பட்டை, தலைவிளக்கு, கூடுதல் கையுறை இரண்டு ஜோடி, இரண்டு நாளுக்கான உடை, 24 மணி நேரத்துக்கான உணவும் தண்ணீரும் எப்போதும் பையில் இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் மலைமேலேயே முடிந்துவிட்டால், ரயிலை அங்கேயே நிறுத்திவிட்டு, அழைத்துச் செல்லும் வேனுக்காகக் காத்திருக்க வேண்டும். சாலை மூடியிருந்தால் அந்த வேனும் தாமதமாகும். சட்டப்படி அந்தக் காத்திருப்பு பணியிலும் சேராது, ஓய்விலும் சேராது.

மலைப்பாதையில் கண்டக்டரின் வேலை சமவெளியைவிடக் கடினமானது. கடுங்குளிரில் காற்றுக்குழாய் இணைப்புகள் கசியும். பிரேக்கில் காற்றழுத்தம் குறைந்து ரயில் நின்றால், மைல் கணக்கில் நீளும் ரயிலின் ஓரமாகப் பனியில் நடந்து பழுதைக் கண்டுபிடிப்பவர் நீங்கள்தான். பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் ‘நக்கிள்’ என்ற இரும்புக் கொக்கி உடைந்தால் மாற்ற வேண்டும்; அது ஒன்றின் எடை சுமார் 80 பவுண்டு. பனிச்சரிவு அபாயப் பகுதிகளில் எங்கே இறங்கக் கூடாது என்பதை, அந்தப் பிரிவில் நெடுநாள் ஓடியவர்களிடம் இடம் இடமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காஸ்கேட் மலையில் வெலிங்டன் என்ற இடத்தில் 1910 இல் நின்றிருந்த இரண்டு ரயில்களைப் பனிச்சரிவு தள்ளிச் சென்றதில் 96 பேர் இறந்தனர். அதன் பிறகு கட்டப்பட்டு, 1929 இல் திறக்கப்பட்ட 7.8 மைல் நீளமுள்ள காஸ்கேட் சுரங்கத்தில் ஒரு ரயில் போனபின் புகையை விசிறிகள் வெளியேற்றும்வரை அடுத்த ரயில் காத்திருக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டு மணிக்கணக்கு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

குடும்பத்தை அழைத்து வருவதும், வீடு வாங்குவதும்

பயிற்சிக் காலம் முழுவதும் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் முன்கூட்டியே தெரியாது. முடிந்தால் பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்தபின் குடும்பத்தை அழைத்து வருவது இருதரப்புக்கும் எளிது. அருகிலுள்ள மகப்பேறு வசதியுள்ள மருத்துவமனை எத்தனை மைல் என்பதையும், வாழ்க்கைத்துணைக்கு இணைய வழி வேலை என்றால் அந்தத் தெருவுக்குக் கேபிள் வந்திருக்கிறதா என்பதையும் தனித்தனியே விசாரியுங்கள். மலையூர்களிலிருந்து நோயாளியை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்வது அரிதல்ல. 2022 முதல் நடைமுறையிலுள்ள கூட்டாட்சிச் சட்டம், காப்பீடு உள்ளவர்களை வான் ஆம்புலன்சின் எதிர்பாராத கட்டணத்திலிருந்து காக்கிறது, ஆனால் தரைவழி ஆம்புலன்சுக்கு அது பொருந்தாது.

வீடு வாங்கும் பேச்சைப் பனி உருகிய பிறகு எடுக்கலாம். விலை பேசுமுன் காட்டுத்தீ அபாயத்தை உள்ளடக்கிய வீட்டுக் காப்பீட்டுக்கு மதிப்பீடு வாங்குங்கள். கலிஃபோர்னிய மலைப்பகுதிகளில் பல நிறுவனங்கள் புதிய காப்பீடு தர மறுக்கின்றன; காப்பீடு கிடைக்காத வீட்டுக்குக் கடனும் கிடைக்காது. அதற்கும் முன்பாக, முனையத்தின் பணிமூப்புப் பட்டியலை எடுத்து, உங்கள் பெயருக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சரக்கு குறையும்போது அவர்களெல்லாம் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருவரும் இல்லை என்றால், வாடகை ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.